செக்கியில் கத்தி வாங்கி, சென்னையில் துருவேறாமல் புழங்க ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்குப் போகிறவர்களிடம் வீட்டில் சொல்லிவிடும் பட்டியலில் இப்போதெல்லாம் சமையல் கத்தியும் இடம் பிடித்துவிட்டது. டோக்கியோவின் பெரிய கடைகளில் கண்ணில் பட்டதை வாங்கி வருகிறார்கள். மூன்றே மாதத்தில் அலகில் பல் விழுகிறது, இல்லையென்றால் துருப்புள்ளி பூக்கிறது. கத்தியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என்ன எஃகு, எதை வெட்டுவதற்கு, எப்படித் தீட்டுவது என்று தெரியாமல் வாங்கியதன் விளைவு அது. நகோயா பக்கம் வேலையாகப் போகிறவர்களுக்கு ஒரு பகல் கையில் இருந்தால், கத்தி பிறக்கிற ஊருக்கே போய்ப் பார்த்து வாங்கிவிடலாம். அந்த ஊர் செக்கி.

ஊரைப் பற்றி முதலில்

கிஃபு மாகாணத்தில், நோபி சமவெளி முடிந்து மினோ மலைகள் எழும்புகிற விளிம்பில் செக்கி இருக்கிறது. நகோயாவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 85 ஆயிரம். 2005இல் பக்கத்து மலைக்கிராமங்கள் இதோடு இணைந்தபோது ஊரின் வரைபடம் விரித்த கவட்டை போல ஆகிவிட்டது. அந்தக் கவட்டைக்கு நடுவே காகிதத்துக்குப் பேர்போன மினோ நகரம் தனியாக நிற்கிறது.

700 ஆண்டுகளுக்கு மேலாக இங்கே அலகு அடிக்கிறார்கள். வாள் அடிக்கத் தேவையான மூன்றும் இந்த மலையடியில் கிடைத்தன: அலகின் மேல் பூசிச் சூடேற்ற நல்ல களிமண், உலைக்குப் பைன் மரக்கரி, நகரா, சுபோ ஆறுகளின் தண்ணீர். ஜப்பானிய வாள் மரபுகள் ஐந்தில் மினோ மரபு ஒன்று. அதன் மையம் செக்கி. கானெமோட்டோ, கானெசதா என்ற கொல்லர்களின் பெயர் இன்றும் இங்கே கடைப்பலகைகளில் வாழ்கிறது. "ஒடியாது, வளையாது, நன்றாக வெட்டும்" என்பது இந்த ஊர் வாளுக்குச் சொல்லப்படும் இலக்கணம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை என்பது இரும்பு தெரிந்தவர்களுக்குப் புரியும். கடினம் கூடினால் நன்றாக வெட்டும், ஆனால் ஒடியும். மென்மை கூடினால் ஒடியாது, ஆனால் வளையும். அதனால்தான் முதுகில் களிமண்ணைத் தடித்துப் பூசி, விளிம்பில் மெல்லியதாகப் பூசி, காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினப்படும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்ச்சியோடு நிற்கும். சமையல் கத்தி வாங்கும்போதும் இந்த மல்லுக்கட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

1876இல் வாள் தரிப்பதை அரசு தடைசெய்ததும் ஊரின் பிழைப்பு போனது. கொல்லர்கள் அடுக்களைக் கத்தி, மடக்குக்கத்தி, கத்தரிக்கோல் பக்கம் திரும்பினார்கள். இன்று கோடிக்கணக்கான வீடுகளில் புழங்கும் "கை" (Kai) என்ற நிறுவனம் 1908இல் மடக்குக்கத்தி செய்யும் பட்டறையாக இங்கேதான் தொடங்கியது. சவர பிளேடுக்குப் பேர்போன ஃபெதர் 1932இல் தொடங்கியதும் இங்கேதான். ஆய்வகங்களில் திசுவைச் சீவும் மெல்லிய பிளேடுகளும் அதே நிறுவனத்திலிருந்து வருகின்றன. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகியவற்றோடு சேர்த்து அலகுத் தொழிலின் மூன்று ஊர்களில் ஒன்றாகச் செக்கியைச் சொல்வது வழக்கம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நடந்து பழகியவருக்குச் செக்கி அந்நியமாகத் தோன்றாது. ஒரு கத்தி முழுவதையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் பட்டறைகள் இங்கே குறைவு. தகட்டை அச்சில் வெட்டுவது ஒருவர், உலையில் கடினப்படுத்துவது இன்னொருவர், அலகைச் சீவுவது வேறொருவர், பிடி போடுவது, மெருகேற்றுவது, கடைசிக் கூர் வைப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பட்டறையின் ஜாப் ஒர்க். சரக்கு தெருவுக்குத் தெரு கைமாறிக்கொண்டே போகும். பெட்டியின் மேல் அச்சாகும் பெயர் பெரும்பாலும் இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்தவரின் பெயர். ஆகவே "சாமுராய் வாளின் வாரிசு" என்ற வாசகத்துக்காக விலை கொடுக்காதீர்கள். இன்றைய செக்கிச் சமையல் கத்தியில் பெரும்பாலானவை சம்மட்டியால் அடித்தவை அல்ல, தகட்டிலிருந்து வெட்டியவை. அதில் குறை எதுவும் இல்லை. இந்த ஊரின் உண்மையான கைத்திறன் சாணையில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அலகை மெலியவைக்கும் கைகள் அவை.

போய்ச் சேர

சென்னையிலிருந்து சிங்கப்பூர், பாங்காக் போன்ற இடங்களில் விமானம் மாறி நகோயாவின் சூபு விமான நிலையத்தில் இறங்கலாம். நகோயா ஸ்டேஷனிலிருந்து இரண்டு வழி. "ஹிடா" விரைவு ரயிலில் மினோ-ஓட்டா வரை ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அங்கிருந்து நகராகாவா ரயில்வேயின் டீசல் வண்டியில் அரை மணிக்குள் செக்கி. அல்லது கிஃபு ஸ்டேஷன் வரை சாதாரண ரயிலில் போய், அங்கிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

சறுக்குகிற இடம் நகராகாவா ரயில்வே. இது 1986இல் தேசிய ரயில்வேயிடமிருந்து பிரிந்த தனி நிறுவனம். ஜேஆர் பாஸ் (வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில் பயணச்சீட்டு) இதில் செல்லாது. மணிக்கு ஒன்று என்கிற கணக்கில்தான் வண்டி ஓடும், அதுவும் பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி. ஏறும்போது வாசலில் இருக்கும் எந்திரத்திலிருந்து எண் போட்ட சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அந்த எண்ணுக்கு நேராகப் பலகையில் தெரியும் தொகையை ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். 100 யென் சில்லறையும் 1,000 யென் தாளும் கையில் இருக்கட்டும். அலகு அருங்காட்சியகமும் கடைகளும் பக்கத்தில் இருப்பது செக்கி ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் வரும் "செக்கி தெராசு-மாயே". முன்பு அதன் பெயர் "ஹமோனோ கைகான்-மாயே". பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

எந்த நாள் போவது? செவ்வாய்க்கிழமையைத் தவிருங்கள். வாள் அடிக்கும் கலையைக் காட்டும் கொல்லர் மரபுக் கூடம் அன்று மூடியிருக்கும். நிஜமான உலை அடிப்பைப் பார்க்க வேண்டுமானால் ஜனவரி 2ஆம் தேதி ஆண்டின் முதல் அடிப்பு நடக்கும். வேறு சில மாதங்களின் குறிப்பிட்ட ஞாயிறுகளிலும் நடத்துகிறார்கள். அட்டவணையைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமைக் கொல்லர் உட்கார்ந்து சின்னச் சுத்தியால் இடத்தைத் தட்டிக் காட்ட, எதிரே நிற்பவர்கள் நீண்ட சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். பொறி நாலா பக்கமும் பறக்கும். நைலான் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காராதீர்கள்.

அக்டோபரில் நடக்கும் கத்தித் திருவிழாவில் கடைத்தெரு முழுவதும் பந்தல் போட்டு மலிவாக விற்பார்கள். விலை குறையும், ஆனால் கூட்டத்தில் நிதானமாகக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. முதல்முறை வாங்குபவர் சாதாரண வார நாளில் போவதே நல்லது. நவம்பர் 8 இன்னொரு முக்கிய நாள். ஜப்பானிய எண் உச்சரிப்பில் 11-8 என்பது "நல்ல அலகு" என்று ஒலிக்கும். அன்று தேய்ந்து போன கத்திகளுக்கு நன்றி சொல்லும் சடங்கு நடக்கிறது. ஆயுத பூஜை கொண்டாடும் நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு இந்த ஊரில் விலாங்கு மீன் பேர்போனது. உலையடியில் வேகிற கொல்லர்கள் தெம்புக்குச் சாப்பிட்டது என்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் நகோயாவிலேயே கட்டிக்கொண்டு போய்விடுங்கள். இங்கே சாம்பார் சாதத்துக்கு வழி இல்லை.

எந்த வடிவம், எந்த எஃகு

சென்னைச் சமையலறைக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் சன்தோக்கு, 165 முதல் 180 மில்லிமீட்டர் வரை. காய், வெங்காயம், எலும்பில்லாத இறைச்சி எல்லாவற்றுக்கும் அது போதும். முழுச் சைவ வீடானால் நகிரி, 165 மில்லிமீட்டர். செவ்வகமான அலகு, விளிம்பு நேராக இருக்கும். முட்டைக்கோஸ், கீரை, பீன்ஸ் பொடியாக நறுக்க இதைவிட நல்லது இல்லை. பழம் சீவவும், பூண்டு உரிக்கவும் 120 மில்லிமீட்டர் "பெட்டி" (petty) என்கிற சின்னக் கத்தி இரண்டாவதாக வாங்கலாம். தேபா, யனாகிபா போன்ற மீன் கத்திகளை அழகுக்காக வாங்கிவிடாதீர்கள். அவற்றின் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகச் சீவப்பட்டிருக்கும். வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் தனித்தனி. தீட்டும் முறையும் வேறு.

எஃகு விஷயத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாலிப்டினம்-வனேடியம் அல்லது ஆஸ்-8 என்று போட்டிருப்பவை துருப்பிடிக்காத வகை. கடினம் ராக்வெல் சி அளவில் 57 முதல் 59 வரை. கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் தீட்டுவது சுலபம், பல் விழுவது அபூர்வம். வீட்டில் பலர் கைமாறிப் புழங்கும் கத்தி என்றால், சமையலுக்கு உதவியாளர் வரும் வீடு என்றால், தயங்காமல் இதை எடுங்கள்.

விஜி-10 என்பது எச்சிசென் பகுதியின் தகேஃபு ஆலையிலிருந்து வரும் எஃகு. கடினம் 60, 61. கூர் நீண்ட நாள் நிற்கும், துருவும் எளிதில் ஏறாது. கவனமாகப் புழங்குபவருக்கு மிகப் பொருத்தம். எலும்பு, கொட்டை பட்டால் பல் விழும்.

மூன்றாவது கார்பன் எஃகு. கடையில் "ஹகானே" என்பார்கள். கூர் என்றால் அதுதான் கூர். ஆனால் எலுமிச்சை, புளி, வாழைக்காய் பட்ட இரண்டே நிமிடத்தில் கறுக்கும். வாழைப்பூவை நறுக்கினால் பூவும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் குடியிருந்தால் இதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

அலகில் அலை அலையாகத் தெரியும் தமாஸ்கஸ் கோலத்துக்காக விலை இரட்டிப்பாகும். அந்தக் கோலம் வெளிப்போர்வைக்கு உரியது. வெட்டுவது நடுவில் இருக்கும் ஒற்றை எஃகு. கோலம் இல்லாத விஜி-10 கத்தியும் கோலம் போட்ட விஜி-10 கத்தியும் ஒரே மாதிரித்தான் தக்காளியை அறுக்கும். தமாஸ்கஸ் வாள்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கு. அதன் வரி உலோகத்துக்குள்ளேயே படிகமாக விளைந்தது. இன்றைய செக்கிக் கத்தியின் வரி, வெவ்வேறு தகடுகளை அடுக்கி இணைத்ததால் வருவது. பெயர்தான் ஒன்று.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. "செக்கி செய் தெசு கா?" என்றால் செக்கியில் செய்ததா என்று பொருள். "சபிமசு கா?" என்றால் துருப்பிடிக்குமா என்று பொருள். கடைக்காரருக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் இந்த இரண்டும் போதும்.

பிறகு விளக்கு வெளிச்சத்துக்கு நேராக அலகின் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது. விளிம்பில் எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அந்த இடம் மழுங்கல், அல்லது நசுங்கல். அடுத்து பிடிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கித் துப்பாக்கி குறி பார்ப்பதுபோல முதுகைப் பாருங்கள். வளைவு தெரிந்தால் வைத்துவிடுங்கள், வீட்டில் நிமிர்த்த முடியாது. அலகும் பிடியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் அந்த இடைவெளியில் தண்ணீர் நிற்கும், சென்னைப் புழுக்கத்தில் உள்ளுக்குள்ளேயே துரு பிடிக்கும். கடைசியாக, அலகின் வேர்ப் பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து, முதுகின் விளிம்பு விரலை அறுக்கிறதா என்று பாருங்கள். அரைக் கிலோ வெங்காயம் நறுக்கும்போது அந்த விளிம்புதான் விரலைக் காய்க்க வைக்கும். முதுகை மழுக்கி உருட்டியிருந்தால் செய்தவர் அக்கறையுள்ளவர்.

பெயர் பொறித்துத் தரும் கடைகளும் உண்டு. வேண்டுமானால் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குக் கொண்டுவர

பாஸ்போர்ட்டை அசலாக எடுத்துப் போங்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 10 சதவீத நுகர்வு வரி விலக்கு உண்டு. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. வரியோடு கட்டிவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் காட்டித் திரும்பப் பெற வேண்டும். கத்தி பெரிய பெட்டியில் போக வேண்டிய பொருள். எனவே பெட்டியை விமானக் கவுண்டரில் கொடுப்பதற்கு முன்பே சுங்க வேலையை முடித்துவிடுங்கள்.

வாங்கியதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள அலகைத் தக்க காரணமின்றிக் கையில் வைத்திருப்பது குற்றம். ரயில்களிலும் 2019 ஏப்ரல் முதல் முறையாகக் கட்டாத கத்திக்கு இடமில்லை. கடையில் கட்டிக்கொடுத்தபடியே பைக்குள், பில்லோடு இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில் ஒருபோதும் வைக்காதீர்கள், சின்ன மடக்குக்கத்தியாக இருந்தாலும். பெட்டிக்குள் வைக்கும்போது நுனிக்கு அட்டையை மடித்து உறை போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். நுனிதான் முதலில் ஒடியும்.

இந்தியச் சட்டத்தில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழிலுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு இருக்கிறது. சமையல் கத்திக்கு அதனால் சிக்கல் இல்லை. வாள் அப்படியல்ல. ஜப்பானிலிருந்து அசல் வாளை வெளியே எடுக்க அந்நாட்டுக் கலாசாரத் துறையின் சான்று வேண்டும், இங்கே உரிமம் வேண்டும். ஆசைப்பட்டு வாங்கி விமான நிலையத்தில் தவிக்காதீர்கள்.

சென்னை அடுக்களையில்

முதல் வாரமே கத்தியைக் கொல்வது மூன்று விஷயங்கள்: கடப்பா மேடை, தேங்காய், உப்புத் தண்ணீர்.

கடப்பா, கிரானைட், எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை ஆகியவற்றின் மேல் வைத்து நறுக்கவே கூடாது. 60 ராக்வெல் கடினமுள்ள விளிம்பு கல்லில் இடித்தால் வளைந்து கொடுக்காது, நொறுங்கும். மரப்பலகை அல்லது மென்மையான பாலித்தீன் பலகை வாங்குங்கள். நறுக்கியதைக் கத்தியின் விளிம்பால் சுரண்டித் தள்ளும் பழக்கத்தையும் விடுங்கள். கத்தியைக் கவிழ்த்து முதுகால் தள்ளுங்கள்.

தேங்காய் மூடி, பலாக்கொட்டை, மீன் முள், உறைந்த இறைச்சி இவற்றுக்கு இந்தக் கத்தி இல்லை. ஆவக்காய்க்கு மாங்காயைக் கொட்டையோடு பிளப்பது இதன் வேலையே அல்ல. அதற்குப் பழைய அரிவாள்மனையோ கனமான வெட்டுக்கத்தியோதான் சரி. வஞ்சிரத்தை மீன் கடையிலேயே துண்டு போட்டு வாங்கிவிடுங்கள். பரங்கிக்காயின் தடித்த தோலில் கத்தி சிக்கிக்கொண்டால் இடம் வலமாக ஆட்டாதீர்கள். விளிம்பு பிறைப்பிறையாகப் பெயர்வது பெரும்பாலும் இந்த ஆட்டலால்தான். வந்த வழியே நேராக மேலே இழுங்கள். சேனைக்கிழங்கை மண் போகக் கழுவி, தோலை வேறு பழைய கத்தியால் சீவிவிட்டுப் பிறகு இதைத் தொடுங்கள். மண்ணில் இருக்கும் மணல், கூருக்கு எமன்.

தண்ணீர் விஷயம். சென்னையின் பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகின் மேல்படலத்தையும் துளைத்து ஊசிமுனைப் புள்ளிகளாக அரிக்கும். விஜி-10 கத்தி துருப்பிடித்துவிட்டது என்று சொல்பவர்களின் கத்தியைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தப் புள்ளிகள்தான். கழுவிய கையோடு துடைக்க வேண்டும். தட்டு வடியும் கூடையில் ஈரத்தோடு போட்டு வைப்பது, இரவு முழுக்கச் சிங்க்கில் கிடப்பது, இரண்டும் ஆகாது. கம்பிநார் வேண்டாம், மென்மையான ஸ்பாஞ்சும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும்.

ஜப்பானில் கமேலியா எண்ணெய் தடவுவார்கள். இங்கே மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் அதே வேலையைச் செய்யும். துணியில் இரண்டு சொட்டு விட்டு, அலகின் இரு பக்கமும் பளபளப்பு தெரிகிற அளவுக்குத் துடைத்தால் போதும். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டும். ஊருக்குப் போகும்போதும், ஐப்பசி கார்த்திகை மழை மாதங்களிலும் இது கட்டாயம். கத்தியைச் செய்தித்தாளில் சுற்றியோ தோல் உறையிலோ வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும்.

செந்நிறத் துரு தெரிந்தால் சமையல் சோடாவைக் குழைத்து, பாட்டில் தக்கையால் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். கார்பன் எஃகில் சாம்பலும் நீலமுமாகப் படரும் நிறம் துரு அல்ல, அது பாதுகாப்புப் படலம். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள்.

தீட்டுவது

தெருவில் சைக்கிள் சாணை வைத்து வருகிறவரிடம் அரிவாள்மனையைக் கொடுக்கலாம், இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அவர் கைத்திறனில் குறை இல்லை. உலர்ந்த சாணைச் சக்கரத்தில் உராயும்போது முடி அளவு மெலிந்த விளிம்பு ஒரு நொடியில் 200 டிகிரியைத் தாண்டிவிடும். இந்தக் கத்திகளைப் பதப்படுத்தியதே கிட்டத்தட்ட அந்த வெப்பத்தில். அதற்கு மேல் போனால் கடினம் இறங்கிவிடும். நீலம் பாய்ந்திருந்தால் கெட்டது உறுதி. நிறம் மாறாவிட்டாலும் தப்பித்தது என்று சொல்ல முடியாது.

தண்ணீர்க் கல் ஒன்று வாங்குங்கள், 1000 கிரிட் (கல் எவ்வளவு நைசு என்பதைச் சொல்லும் எண்). கூடவே 3000 முதல் 6000 வரை ஒன்று இருந்தால் மெருகு கூடும். செக்கியிலேயே வாங்கிவிட்டால் நல்லது. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் தச்சர்களின் எண்ணெய்க் கல் இதற்கு முரடு.

கல்லைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் போடுங்கள், குமிழி அடங்கும்வரை. ஊறவைக்கக் கூடாத கற்களும் உண்டு, உறையில் குறிப்பு இருக்கும். கல்லுக்கு அடியில் ஈரத்துணியை நான்காக மடித்துப் போட்டால் நகராது.

கோணம் பக்கத்துக்கு 15 டிகிரி. கண்ணால் பார்த்துப் பிடிப்பது புதியவருக்கு வராது, அளந்து பிடியுங்கள். அலகின் அகலம் 45 மில்லிமீட்டர் என்றால் முதுகு கல்லிலிருந்து 11.6 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். 50 என்றால் 12.9. பெட்டி கத்தி போல 30 என்றால் 7.8. அந்த உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி முதுகுக்கு அடியில் வைத்து ஒருமுறை பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு அந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். சன்தோக்குக்கு ஏறக்குறைய சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி.

வலக்கையால் பிடியையும், இடக்கையின் இரண்டு மூன்று விரல் நுனியால் விளிம்புக்குச் சற்று மேலேயும் அழுத்துங்கள். விரல் எங்கே அழுத்துகிறதோ அந்த இடம்தான் தேயும். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது தளர்வு, அல்லது நேர்மாறு. எதுவானாலும் கடைசிவரை ஒரே மாதிரி. கல்லின் மேல் சேறு போலக் குழைந்து வரும் கலங்கலைக் கழுவிவிடாதீர்கள், தீட்டுவதில் பாதி வேலை அதனுடையது. காய்ந்தால் மட்டும் சில சொட்டுத் தண்ணீர்.

எப்போது நிறுத்துவது? கட்டைவிரலை மறுபக்கத்தில், முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்பக்கமாக வருடுங்கள். விளிம்பில் லேசாகச் சொரசொரவென்று ஒரு பிசிறு தடுக்கும், புதுச் சட்டைக் காலரின் நூல்முனை கழுத்தில் படுவது போல. இந்தப் பக்கம் தேய்ந்த எஃகு மறுபக்கம் சுருண்டு நிற்கிறது என்று பொருள். வேரிலிருந்து நுனிவரை இடைவெளியின்றி அந்தப் பிசிறு தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பலர் பிசிறு எழும்பும் முன்பே திருப்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை என்பதற்குக் காரணம் பத்தில் ஒன்பது தடவை இதுதான். மறுபக்கமும் அதேபோல் எழுப்பி, பிறகு அழுத்தத்தைப் பாதி பாதியாகக் குறைத்து மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை நீக்குங்கள். கடைசியில் மடித்த செய்தித்தாளில் முதுகு முன்னே போகும்படி ஐந்தாறு முறை இழுத்தால் மிச்சமும் உதிரும். பழுத்த தக்காளியின் தோலில் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். வழுக்காமல் கடித்தால் சரி.

மூன்று நான்கு முறை தீட்டியதும் கல்லின் நடுப்பகுதி குழிந்துவிடும். குழிந்த கல்லில் 15 டிகிரி நிற்காது. 220 எண் ஈரத்தில் தேய்க்கும் எமரி தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் நனைத்து ஒட்டி, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேயுங்கள். கட்டம் முழுதும் அழிந்தால் கல் சமம். இந்தத் தாள் மட்டும் ஜப்பானிலிருந்து வர வேண்டியதில்லை. திருவொற்றியூரில் ஆலை வைத்திருக்கும் கார்போரண்டம் யுனிவர்சலின் தாள் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

அரை மில்லிமீட்டர் வரையிலான பல்லை 400 கிரிட் கல்லில் நீங்களே சரிசெய்யலாம். பல் விழுந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் அலகு முழுவதையும் சமமாகத் தேய்க்க வேண்டும், இல்லையேல் விளிம்பு அலை அலையாகிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் தண்ணீர் விட்டுச் சாணை பிடிப்பவரிடம் போங்கள். கல்லை நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.

ஆயுத பூஜையன்று இந்தக் கத்திக்கும் பொட்டு வைக்கத்தான் வைப்பீர்கள். சந்தனம் ஈரம். இரவு முழுக்க அலகில் இருந்தால் காலையில் அடியில் துருப்புள்ளி இருக்கும். பிடி வெள்ளை மரமானால் குங்குமம் ஊறிக் கறையாகும். பொட்டைக் கத்தியின் பெட்டி மேல் வையுங்கள்.